வெயிலில் காய்ந்த எட்டுக் குழாய்கள்

என் அக்கா கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து நான் கொண்டு வந்தது ஒரு ஃபிளாஸ்க் நிறையப் பனிக்கட்டியும் அதற்குள் எட்டுக் கண்ணாடிக் குழாய்களும்தான். கட்டிக்கொள்ள வேண்டிய பட்டுப் புடவையை விடுதி அறையிலேயே மறந்துவிட்டேன். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. புடவைக்காக நான் பெரிதாக வருந்தவில்லை. ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டே வந்ததில் தொடை இரண்டும் மரத்துப் போயிருந்தன, அவ்வளவுதான்.

அந்தக் குழாய்களில் என்ன இருந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதையே வேறு.

மனிதக் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் சோறு. எல்லா உயிரையும் போல அதுவும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே கட்டிக்கொள்கிறது. கட்டும் இடத்துக்கு ரைபோசோம் என்று பெயர். அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, சரம் நீள்கிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அமினோ அமிலம் தானாக வந்து தன் இடத்தில் உட்காராது. அதைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்க ஒரு புரதம் வேண்டும். அதற்கு டி-யூ என்று பெயர். உட்கார வைத்ததும் டி-யூ கழன்று வெளியே வந்துவிடும். ஆனால் வரும்போது, வேலைக்காகச் செலவழித்த சக்தி மூலக்கூறின் சக்கை அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சக்கையைக் கழற்றி விடுவது டி-எஸ் என்ற இன்னொரு புரதம். அதன் பிறகுதான் டி-யூ அடுத்த அமினோ அமிலத்தை அழைத்து வரப் போக முடியும். மூன்றாவதாக ஜி என்று ஒன்று. ஒவ்வொன்றைக் கோத்த பிறகும் எல்லாவற்றையும் ஒரு இடம் தள்ளி வைத்து அடுத்த இருக்கையைக் காலியாக்குவது அதன் வேலை. சரத்தை நீட்டுவதால் இந்த மூன்றுக்கும் நீட்சிக் காரணிகள் என்று பெயர். இவை இல்லாவிட்டால் ரைபோசோமும் அமினோ அமிலமும் எவ்வளவு இருந்தும் பயனில்லை, சரம் ஒரு கண்ணிகூட நீளாது.

என் எட்டுக் குழாய்களில் இருந்தது டி-யூவும் டி-எஸ்ஸும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் கலவை. அதை அந்த அளவுக்குத் தூய்மைப்படுத்த எனக்கு ஏழு மாதம் ஆனது.

ஏழு மாதம் என்ன செய்தாய் என்று ஆத்தா, அதாவது என் அம்மா, ஒருமுறை கேட்டார். பாக்டீரியாவைப் பெரிய குடுவைகளில் வளர்த்து, களி போலத் திரட்டி, குளிர்ந்த உரலில் வெள்ளைப் பொடி ஒன்றைப் போட்டு அரைத்து, வடிகட்டி, மறுபடி பிரித்து என்று சொல்லிக்கொண்டே போனேன். "எம்.எஸ்சி. படிச்சுப்புட்டு அங்கயும் உரல்ல ஆட்டுற வேலைதானா?" என்றார். நான் சிரித்தேன். எனக்குள் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. ஐஸ் போட்ட தொட்டிக்குள் உரலை வைத்து, கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அரைத்த நாட்கள் பல.

அப்பச்சி ஒரே ஒரு நிபந்தனையோடு என்னை மதுரைக்கு அனுப்பியிருந்தார். அப்பச்சி என்றால் எங்கள் வழக்கத்தில் அப்பா. அவர் வியாபாரி. தாமே ஆராய்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாத எந்தச் சரக்கையும் அவர் ஒரே வழியில்தான் எடை போடுவார்: வேறு யாராவது அதற்குக் கை நீட்டுகிறார்களா? எனக்கு அரசாங்க உதவித்தொகை கிடைத்தபோது, "சர்க்கார் ஒனக்குக் குடுக்குறவரைக்கும் படி. அவுகளே போதும்னு சொல்லிட்டா வந்துரணும்" என்றார். வந்துவிடுவது என்றால் கல்யாணம். மாப்பிள்ளை யார் என்பதுகூட ஏறத்தாழ முடிவாகியிருந்தது. நெற்குப்பை என்ற ஊரில் ஒரு வீடு. நல்லவர்கள்தான். அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கு அப்போது வேண்டியது அது இல்லை, அவ்வளவே.

அக்கா கல்யாணம் முடிந்து பத்தாவது நாள் என் உதவித்தொகையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் குழு கூடுவதாக இருந்தது. அவர்கள் முன் வைக்க என்னிடம் இருந்தது அந்த எட்டுக் குழாய்கள் மட்டும்.

பிறகு அவற்றை ஏன் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று யாரும் கேட்கலாம். என் வழிகாட்டிப் பேராசிரியரும் அதைத்தான் கேட்டார். மின்வெட்டுக் காலம் அது. மதுரையில் எங்கள் குளிரறை நாளில் பாதி நேரம் வெறும் அறையாகவே இருந்தது. கலவை இன்னும் ஒரு படி பாக்கியிருந்த நிலையில், அதை உறைய வைத்தாலும் கெட்டுவிடும், சூடு பட்டாலும் கெட்டுவிடும். பனிக்கட்டிக்கு நடுவில் அப்படியே வைத்திருக்க வேண்டும். கூடத்தில் இருந்தவர்கள் கோடை விடுமுறைக்குப் போய்விட்டார்கள். காவலாளியை நம்பி விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. என்னை மட்டும்தான் நான் நம்பினேன். அந்த வயதில் அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

அந்த ஃபிளாஸ்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது என்னுடையதில்லை. பினாங்கிலிருந்து அம்மான், எங்கள் தாய்மாமன், ஜோடியாக அனுப்பியது, அகல வாய், எஃகு உடம்பு. அக்காவுக்குக் கொடுக்கும் சாமான்களில் சேர்க்க வேண்டியது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுப்பதை எல்லாம், எஃகு வாளியிலிருந்து உப்புக் கிண்ணம் வரைக்கும், வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றியுள்ள பெரிய வளவில் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து நடந்து நடந்து பார்ப்பார்கள். எல்லாம் ஜோடி ஜோடியாகவோ டஜன் டஜனாகவோ இருக்க வேண்டும். ஒற்றையாக ஒன்று இருந்தால் கேள்வி வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஒரு மாதத்துக்கு முன் சாமான் அறையிலிருந்து ஒன்றை எடுத்துப் போனபோது அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். ஆத்தாவிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலை பனிக்கட்டி. ரயில்வே ரோட்டுப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரி இருந்தது. அதை நடத்திய பாய், பாளமாக அறுத்துத் தந்து, உருகாமலிருக்க ஒரு சாக்கு உமியும் சும்மாவே கொடுத்தார். புதுவயல் அரிசி மில்லிலிருந்து அவருக்கு உமி லாரியில் வரும். கல்யாணத்துக்கு வந்த பெண்ணாகவும் தெரியாமல், சர்பத் கடைக்காரியாகவும் தெரியாமல், காலையும் மாலையும் ஐஸ் வாங்க வரும் ஒருத்தியைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். "ஆச்சி, வீட்டுல யாருக்கும் காய்ச்சலா? ஆளனுப்புனாப் போதுமே, நீங்க வெயில்ல வாரீகளே" என்றார். காய்ச்சல் யாருக்கும் இல்லை, மருந்து ஒன்றைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அடுத்த நாளிலிருந்து எனக்கென்று நல்ல பாளமாகப் பார்த்து ஒதுக்கி வைத்தார்.

வீட்டில் யாரிடமும் நான் அந்த அளவுகூடச் சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஃபிளாஸ்க்கை வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். யாரும் தொடக் கூடாது என்று வேலைக்காரப் பெண்களிடம் மட்டும் சொன்னேன். அவர்கள் தொடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. அக்னி நட்சத்திரம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆனால் வெயிலுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. வளவு முழுக்கப் பாத்திரம். சாமான் பரப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்து, வளவு முற்றத்து வெயிலில் காயவைத்து, அதன் பிறகுதான் உள்ளே எடுப்பார்கள். ஈரத்தோடு எதையும் எடுத்து வைப்பது ஆத்தாவுக்கு ஆகவே ஆகாது. ஒரு கரண்டியின் காம்பில் ஒரு சொட்டு இருந்தாலும் திரும்ப வெயிலுக்குப் போகும். அந்த விஷயத்தில் அவரோடு யாரும் வாதாட முடியாது.

நான் ஐஸ் வாங்கப் போயிருந்தேன். அன்று ஃபேக்டரியில் கரண்ட் போய், பாளம் அறுக்க நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. திரும்பி வர மதியமாகிவிட்டது. மாடிப்படி அறையில் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஃபிளாஸ்க் இல்லை.

வளவுக்கு வந்தேன். இரண்டு ஃபிளாஸ்க்கும் பளபளவென்று மூடி கழற்றி, வாய் கவிழ்த்து, வெயிலில் ஜோடியாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில் என் எட்டுக் குழாய்களும், ரப்பர் மூடி கழற்றாமல், வெளிப்பக்கம் ஈரமே இல்லாமல் துடைத்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. தாம்பாளத்தைத் தொட்டேன். கை சுட்டது.

ஆத்தா ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். ஜோடியில் ஒன்று குறைகிறதே என்று விடிந்ததும் தேடியதையும், அது மாடிப்படி அறையில் ஐஸ் தண்ணீரோடு கிடந்ததையும் சொன்னார். அவர் குரலில் கோபமில்லை. கிடைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. "ஒஞ் சாமானையும் பத்திரமாத்தான் எடுத்து வச்சேன். ஒண்ணும் ஒடையல. ஈரம் போகத் தொடச்சு வெயில்ல வச்சிருக்கேன், பாரு" என்றார்.

எத்தனை நேரமாக என்று கேட்டேன். காலைப் பலகாரம் முடிந்ததிலிருந்து என்றார்.

அடுத்து நான் சொன்னதை எழுத இப்போதும் கூசுகிறது. "ஏழு மாச வேலையக் கொன்னுபுட்டீக. ஒங்களுக்குப் பாத்திரந்தானே பெருசு" என்றேன். சுற்றி உறவுக்காரப் பெண்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். தேய்க்கும் சத்தம் நின்றது. ஆத்தா குடத்தைக் கீழே வைத்தார். துணியை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் தாம்பாளத்தோடு உள்ளே போய்விட்டேன்.

மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதேன். அழுது முடித்த பிறகு படித்தது நினைவுக்கு வந்தது. டி-யூ, டி-எஸ் என்ற பெயர்களிலேயே அவற்றின் குணம் இருக்கிறது. யூ என்றது அன்ஸ்டேபிள், சூட்டில் நிலைக்காதது என்பதற்காக. எஸ் என்றது ஸ்டேபிள், சூட்டைத் தாங்கி நிற்பது என்பதற்காக. கலவையைச் சூடாக்கினால் முதலாவது செத்துப் போகும், இரண்டாவது பிழைத்திருக்கும். பரிசோதனைக்கூடத்தில் வேண்டுமென்றே அப்படிச் செய்வதும் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை, எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஆனாலும் பாதியாவது மிஞ்சியிருக்கலாம். ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் உமியையும் ஐஸையும் போட்டு எட்டுக் குழாய்களையும் உள்ளே இறக்கினேன். ஃபிளாஸ்க்கைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாமான் பரப்பியதில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு ஃபிளாஸ்க்கையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் சித்தியின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தேன். ஆத்தாவும் நானும் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டோம். பந்தியில் உப்பு குறைகிறது, இலை போதவில்லை, இந்த மாதிரி.

மதுரைக்குத் திரும்பி இரண்டு நாள் சோதித்தேன். ரைபோசோம், கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலம், மற்றது எல்லாம் சேர்த்து, கடைசியாக என் குழாயிலிருந்து ஒரு துளி. சரம் நீண்டால் கருவியில் எண் ஏற வேண்டும். ஏறவில்லை. எட்டுக் குழாயிலும் ஏறவில்லை. பிறகு, சீனியர் ஒருவர் உறைபெட்டியில் மிச்சம் வைத்திருந்த பழைய டி-யூவைக் கொஞ்சம் கடன் கேட்டு வாங்கினேன். அது தனியாக வேலை செய்தபோது மிக மந்தம். அதோடு என் குழாயிலிருந்து ஒரு துளியைச் சேர்த்ததும் எண் கிடுகிடுவென்று ஏறியது. டி-எஸ் உயிரோடு இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது உண்மை. ஆனால் அது பாதிச் சந்தோஷம். குழு கேட்டது முழுக் கலவையை.

என்ன காரணம் சொல்லப் போகிறாய் என்று சீனியர் கேட்டார். மின்வெட்டு என்று சொல்லிவிடு, ஊர் முழுக்க அதுதானே, யார் சந்தேகப்படுவார்கள் என்று யோசனையும் சொன்னார். நல்ல யோசனைதான். குழுவின் முன் உட்கார்ந்தபோது அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நடுவில் இருந்த பெரியவர், எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் என்று கேட்டார். மின்வெட்டில் அறை அவ்வளவு சூடாகாது. டி-யூ முழுக்கச் சாகும் அளவுக்கு ஒரு பித்தளைத் தாம்பாளம்தான் சூடாகும். நடந்ததைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. பாத்திரங்களை ஏன் வெயிலில் வைக்கிறார்கள் என்று நிஜமான ஆர்வத்தோடு கேட்டார்.

முடிவு இது: உதவித்தொகை இப்போதைக்கு நிறுத்தம். ஆறு மாதத்தில் கலவையை மறுபடி செய்து காட்டினால் திரும்பக் கிடைக்கும். அதுவரை கூடத்தில் வேலை செய்யலாம், சொந்தச் செலவில்.

அதாவது சர்க்கார் போதும் என்று சொல்லிவிட்டது. அப்பச்சி பேச்சு மாறாதவர். பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது, ஆத்தா மேல், பாத்திரங்கள் மேல், ஆத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபிளாஸ்க்கை எடுத்த என் மேல்.

அப்பச்சி முகப்பில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆத்தா அவருக்குக் காபி கொண்டு வந்து நின்றுகொண்டிருந்தார். உதவித்தொகை நின்றுபோனதைச் சொன்னேன். ஏன் என்று அப்பச்சி கேட்டார்.

"கரண்ட் இல்லாமக் கெட்டுப் போச்சு" என்றேன். குழுவின் முன்னால் சொல்ல முடியாத பொய் வீட்டில் சுலபமாக வந்தது. ஆத்தாவை அப்பச்சி முன்னால் விட்டுக்கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. பத்துப் பேர் முன்னால் நான் விட்டுக்கொடுத்தது போதும் என்று இருந்தது.

அப்பச்சி தலையாட்டினார். சரி, நெற்குப்பைக்கு எழுதிவிடலாம் என்றார். அதில் கோபமோ வெற்றியோ ஒன்றும் இல்லை. பேசி வைத்தபடி நடக்கிறது என்ற நிதானம்தான். மறுபடி பேப்பரைப் பிரித்தார்.

ஆத்தா காபித் தம்ளரை முகப்புக் கட்டையில் வைத்தார். என்னைப் பார்த்து, செத்துப் போனதை மறுபடி உண்டாக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆறு மாதம் ஆகும் என்றேன். அதைக் கேட்டுக்கொண்டு அப்பச்சி பக்கம் திரும்பினார். அப்பச்சி முடிவு சொன்ன பிறகு ஆத்தா வாய் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"கரண்ட்டெல்லாம் இல்ல. நாந்தான் அதை எடுத்து வெயில்ல வச்சேன். என்னை விட்டுக்குடுக்காமச் சொல்லுது. நெற்குப்பைக்கு எழுத வேணாம். நாஞ் செஞ்ச தப்புக்கு இவ கல்யாணம் பண்ணிக்கிட வேணாம்."

அப்பச்சி பேப்பரைத் தாழ்த்தி அவரைப் பார்த்தார். ஆத்தா பார்வையை இறக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் கொடுக்கவும் அவர் குனியவில்லை. கடைசியில் அப்பச்சி என்னிடம் மதுரைக்கு எப்போது பஸ் என்று கேட்டார்.